ஆரி வகுப்பா, பிளவுஸ் ஆர்டரா, ஆன்லைனா? என் மாணவிக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு

ஆரி என்பது கொக்கி ஊசியால் துணியில் போடும் எம்ப்ராய்டரி, அதைத்தான் நான் சொல்லித் தருகிறேன். வைகாசியில் என்னிடம் பிரைடல் பேட்ச், அதாவது கல்யாண பிளவுஸ் வேலைக்கான வகுப்பு, முடித்த ஒரு பெண், கடைசி நாள் துணியை இழுத்துக் கட்டும் ஸ்டாண்டை மடித்து வைத்த பிறகும் கிளம்பாமல் நின்றாள். "அக்கா, அடுத்து நான் என்ன பண்ணட்டும்? ஆர்டர் எடுக்கட்டுமா, உங்களை மாதிரி கிளாஸ் எடுக்கட்டுமா, இல்ல ஜூம், யூடியூப்னு போகட்டுமா?" என்றாள். திண்டுக்கல்லில் மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறாள். மகன் இரண்டாம் வகுப்பு. காலை ஒன்பதரையிலிருந்து மாலை மூன்றரை வரை வீடு அவளுடையது. சேமிப்பு இருபதாயிரம் ரூபாய். கை சுத்தம், அவள் போடும் செயின் ஸ்டிச்சில் ஒரு கண்ணி பெரிது, ஒரு கண்ணி சிறிது என்று இருக்காது.

இதே கேள்வியை வருஷத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் கேட்கிறார்கள். பதினோரு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அவள் சொன்ன எல்லா வழியிலும் நடந்து பார்த்திருக்கிறேன், சிலதில் கைக்காசை விட்டிருக்கிறேன். அதனால் அவளுக்குச் சொன்னதை முழுசாகவே எழுதிவிடுகிறேன். கீழே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் ஒரு மாதிரிக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆர்டர். பெரும்பாலானோர் தொடங்குவது இங்கேதான், அதில் தப்பில்லை. ஒரு கல்யாண பிளவுஸை எடுத்துக்கொள்வோம். முன் கழுத்து, பின் கழுத்து, இரண்டு கை. டிசைன் வரைந்து, டிரேசிங் ஷீட்டில் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தடவித் துணியில் இறக்கி, சர்தோசிச் சுருள் கம்பி, கட் பீட்ஸ் மணி, குந்தன் கல் எல்லாம் வைத்து முடிக்க நாற்பது மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குவது 6,000 ரூபாய். பொருள் செலவு 1,200 போனால் மிச்சம் 4,800. ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய்.

இந்த 120 கையில் நிற்கிறதா என்று பாருங்கள். முகூர்த்தத் தேதி நமக்காக நகராது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் நமக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்றாலும், பிளவுஸ் அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் டெய்லர் கையில் இருந்தாக வேண்டும். தை, பங்குனி, வைகாசி, ஆவணி என்று ஒரே நேரத்தில் ஐந்து பேர் வருவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். புரட்டாசியிலும் பல வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. வருஷத்தில் மூன்று மாதம் ஊசி சும்மா இருக்கும். போதாததற்கு, கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி கடைகள் ஒரு மணி நேரத்தில் கழுத்து டிசைன் போட்டுத் தருகின்றன. கை வேலையின் அருமை தெரிந்தவர்கள் நம்மிடம் வருவார்கள். தெரியாதவர்கள் அந்த விலையைச் சொல்லி நம் விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள்.

அதனால் ஆர்டரே வேண்டாமா என்றால், வேண்டும். என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு கல்யாணத்தில் யாரோ போட்டிருந்த பிளவுஸைப் பார்த்து, "யார்கிட்ட கொடுத்தீங்க?" என்று விசாரித்து வந்தவர்கள். நோட்டீஸ் அடித்து நான் பிடித்த மாணவிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆர்டரை அடியோடு நிறுத்திவிட்டு வகுப்பு மட்டும் நடத்தினால், ஒரு வருஷத்தில் அந்த ஊற்று வற்றிவிடும். டீச்சரின் கை இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் மாணவிகள் பார்ப்பார்கள். மாதம் ஒன்றோ இரண்டோ நல்ல வேலை, அதற்கு மேல் வேண்டாம். இதுதான் நான் வைத்திருக்கும் அளவு.

இனி வீட்டு வகுப்பு. அவளுக்கு நான் சொன்ன வழி இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன்.

ஆறு பேர், ஆளுக்கு 4,000 ரூபாய், இருபது நாள், தினம் இரண்டு மணி நேரம். வருவது 24,000. பயிற்சிக்கான துணி, நூல், பீட்ஸ் ஆளுக்கு 500 வீதம் 3,000 போனால் 21,000. வகுப்பு நேரம் நாற்பது மணி. போன் விசாரிப்பு, டிசைன் பிரிண்ட், மறுநாளைக்கு எடுத்து வைப்பது என்று இன்னொரு பதினைந்து மணியையும் சேர்த்தால் ஐம்பத்தைந்து. மணிக்குச் சுமார் 380 ரூபாய். முதல் பேட்ச்சில் ஆறு பேர் வர மாட்டார்கள், மூன்று பேர்தான் வருவார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் 10,500 ரூபாயை அதே ஐம்பத்தைந்தால் வகுத்தால் 190. ஆர்டரில் கிடைத்த 120-ஐ விட அப்போதும் கூடத்தான். நோட்டில் இதைப் போட்டுக் காட்டியபோது அவள் முகம் மலர்ந்தது.

ஆனால் ஆறு பேர் என்பதை ஏன் பன்னிரண்டு ஆக்கவில்லை என்று கேட்டாள். இரண்டு மணி நேரம் என்பது 120 நிமிஷம். ஆறு பேர் என்றால் ஒருத்திக்கு இருபது நிமிஷம் நான் பக்கத்தில் உட்காரலாம். பன்னிரண்டு என்றால் பத்து நிமிஷம். ஆரியில் பத்து நிமிஷம் போதாது. காரணம் துணிக்கு அடியில் இருக்கிறது.

ஆரி ஊசி என்பது கொக்கி. குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் தைத்த மோச்சிகள் கையிலிருந்த கொக்கி ஊசிதான் பட்டுக்கும் பருத்திக்கும் வந்து சேர்ந்தது என்பார்கள். வலது கை மேலே இருந்து ஊசியைக் குத்துகிறது. நூல் துணிக்குக் கீழே, இடது கையில் இருக்கிறது. அந்தக் கை கொக்கியில் நூலைச் சுற்றிக் கொடுக்க வேண்டும், வலது கை ஊசியை லேசாகத் திருப்பி, முதுகுப் பக்கம் சற்றே அழுத்தி மேலே எடுக்க வேண்டும். அழுத்தாமல் நேரே இழுத்தால் கொக்கி துணி இழையைக் கவ்விக்கொள்ளும். கைப்பிடியிலுள்ள திருகாணியும் கொக்கியும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கொக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கைக்கே தெரியாது. துணி மத்தளம் மாதிரி இறுகியிருக்க வேண்டும். இதில் பாதி வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. ஒருத்திக்குச் செயின் விழவில்லை என்றால் மேலே பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்டாண்டுக்குக் கீழே குனிந்து அவள் இடது கையைப் பார்த்தால்தான் தெரியும்: நூலை இறுக்கிப் பிடித்திருப்பாள், அல்லது விரலில் மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருப்பாள்.

என் முதல் பேட்ச்சில் எனக்கு இது தெரியாது. நான் செய்து காட்டினேன், அவர்கள் பார்த்தார்கள், வரவில்லை. "வேகமாப் பண்றீங்க அக்கா" என்றார்கள். மெதுவாகச் செய்து காட்டினேன், அப்போதும் வரவில்லை. செய்யத் தெரிவது வேறு, சொல்லித்தரத் தெரிவது வேறு. இரண்டாவதைப் பழக, தப்பாகச் செய்யும் கைகள் நிறைய வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ள ஒரு பெண் வந்தபோது, அவளை என் பக்கத்தில் உட்கார வைக்காமல் எதிரே உட்கார வைத்தால் கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே பிடித்துக்கொள்வாள் என்று கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. வீட்டு வகுப்பின் பெரிய லாபம் என்று நான் சொல்வது இந்தப் பாடத்தைத்தான். வேறு எந்த வழியிலும் இது கிடைக்காது, கிடைத்தாலும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

வகுப்பை நாள் கணக்கில் விற்பதா, தையல் கணக்கில் விற்பதா என்பது அடுத்த சிக்கல். "ஐம்பது தையல் சொல்லித் தருகிறோம்", "நூறு தையல் சொல்லித் தருகிறோம்" என்று போட்டி போட்டு விளம்பரம் வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிளவுஸில் திரும்பத் திரும்ப வருவது செயின், லோட் ஸ்டிச், வாட்டர் ஃபில்லிங், சர்தோசி, பீட்ஸ், கல் ஒட்டிச் சுற்றிக் கட்டுவது என்று பத்துப் பன்னிரண்டுதான். நூறையும் ஒரு சாம்பிள் துணியில் அரை அங்குலம் அரை அங்குலமாகப் போட்டு ஃபைலில் வைத்துக்கொண்டு போகும் பெண், வீட்டுக்குப் போய் ஒரு கழுத்துப் போட உட்கார்ந்தால் தடுமாறுவாள். தையல் குறைவாக இருக்கட்டும், ஆனால் வகுப்பு முடியும்போது ஒரு முழு பிளவுஸ் அவள் கையில் இருக்கட்டும். அந்த பிளவுஸை அவளே போட்டுக்கொண்டு ஒரு விசேஷத்துக்குப் போவாள். அடுத்த மாணவி அங்கிருந்து வருவாள்.

சான்றிதழ் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று போடாதீர்கள். நம் வீட்டு வகுப்பு கொடுக்கும் தாள், இவர் இங்கே இத்தனை நாள் கற்றார் என்பதற்கான அடையாளம் மட்டுமே. அதை நேராகச் சொன்னதால் யாரும் என்னிடம் சேராமல் போனதில்லை.

வீட்டு வகுப்பின் தொல்லைகளையும் மறைக்கவில்லை. வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசியாக வேண்டும். மாடிப்படியில் ஆறு ஜோடிச் செருப்பு தினமும் கிடந்தால் மூன்றாவது நாளே பேச்சு வரும். பாத்ரூம், குடிதண்ணீர், கைக்குழந்தையோடு வரும் அம்மாக்கள், தரையில் விழும் ஊசி. என் மகள் தவழ்ந்த காலத்தில் வகுப்பு முடிந்ததும் காந்தத்தை நூலில் கட்டித் தரை முழுவதும் இழுத்துவிட்டுத்தான் அவளைக் கீழே விடுவேன். இன்னொன்று, சுற்றியுள்ள நாலு தெருவில் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் ஒரு நாள் தீர்ந்துவிடுவார்கள். நம்மிடம் கற்ற பெண்ணே அடுத்த தெருவில் 500 ரூபாய் குறைத்து வகுப்பு ஆரம்பிப்பாள். முதல் தடவை அப்படி நடந்தபோது எனக்கு வலித்தது. இப்போது அவர்களை பிரைடல் வகுப்புக்கு என்னிடம் அனுப்பச் சொல்கிறேன், அனுப்பவும் செய்கிறார்கள்.

கடை பிடித்து இன்ஸ்டிட்யூட் போர்டு மாட்டுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான் மாட்டினேன், பதினான்கு மாதத்தில் இறக்கினேன். அட்வான்ஸ், வாடகை, மேசை நாற்காலி என்று போட்ட பணம், மாணவி வராத மாதத்திலும் வாடகை கேட்டது. வீட்டில் தொடர்ந்து ஆறு மாதம் இரண்டு பேட்ச் நிரம்பி, ஆட்களைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தால் மட்டும் கடையை யோசியுங்கள். பொட்டிக்கிலோ தையல் பயிற்சி மையத்திலோ போய் மணிக்கணக்கில் சொல்லித் தருவதும் ஒரு வழி. இடம் தேடும் கவலை இல்லை. ஆனால் மாணவி அவர்களுடைய மாணவி, பெயரும் அவர்களுடையது. முதல் ஆறு மாதப் பழக்கத்துக்கு நல்லது.

இந்த இடத்தில் ஒரு போட்டியைப் பற்றியும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் பல மாவட்டங்களில் தையலும் எம்ப்ராய்டரியும் இலவசமாகச் சொல்லித் தருகின்றன. "அங்கே சும்மா கிடைக்குதே" என்று உங்களிடம் விலை பேச வருவார்கள். அவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். வசதியில்லாத பெண் கேட்டால் அங்கே போகச் சொல்லி நானே விவரம் கொடுக்கிறேன். அடிப்படை அங்கே முடித்துவிட்டு பிரைடல் வேலைக்கு நம்மிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நிலையங்கள் வெளியிலிருந்து பயிற்றுநர்களை அழைப்பதும் உண்டு. இரண்டு வருஷ அனுபவம் சேர்ந்ததும் போய் விசாரித்து வைக்கலாம்.

ஆன்லைன் நேரலை வகுப்புக்கு நான் விரும்பிப் போகவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பாதியில் நின்ற பேட்ச்சை முடித்துக் கொடுக்க ஜூமைத் தொட்டேன். முதல் வாரம் பெரும் தோல்வி. ஒரு போனை மேலே மாட்டி என் வலது கையைக் காட்டினேன், அடியில் நடப்பது யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் இன்னொரு பழைய போனை ஸ்டாண்டுக்குக் கீழே நிமிர்த்தி வைத்து, அதையும் அதே வகுப்பில் இணைத்தேன். அன்றுதான் வகுப்பு வகுப்பாயிற்று. மாணவிகளையும் ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே போனை வைக்கச் சொல்வேன். வீட்டுப்பாடத்தில் துணியின் பின்பக்கப் போட்டோ கட்டாயம். முன்பக்கம் அழகாகக் காட்டிவிடலாம், பின்பக்கம் உள்ளதைச் சொல்லிவிடும்.

ஜூமில் காசு கட்டாமல் பேசினால் நாற்பது நிமிஷத்தில் துண்டித்துவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணி நேரம். தொடக்கத்தில் மீட் போதும். ஆன்லைனில் ஆறு பேரும் அதிகம், நாலு பேரோடு நிறுத்துங்கள். பின்பக்கப் போட்டோவைப் பார்த்துக் குரல் பதிவில் திருத்தம் சொல்லவே தினம் ஒரு மணி நேரம் போகும். அந்த நேரத்தைக் கட்டணத்தில் சேர்க்காமல் "ஆன்லைன்தானே" என்று நேரடி வகுப்பை விடக் குறைத்து வாங்குவது பலர் செய்யும் தவறு. என் கணக்கில் ஆன்லைன் நேரலைக்குத்தான் கூடுதல் உழைப்பு.

அவளுக்கு ஆன்லைனில் ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது. அவளுக்கு ஓய்வு காலை ஒன்பதரை முதல். நம்மூரில் பத்து மணி என்றால் துபாயில் எட்டரை, சிங்கப்பூரில் பன்னிரண்டரை. கணவரும் பிள்ளையும் கிளம்பிய பிறகு ஃப்ளாட்டில் தனியாக இருக்கும் தமிழ்ப் பெண்கள் அங்கே நிறைய. அவர்களுக்குக் கற்றுக்கொள்ள ஆசையும் இருக்கிறது, பேச ஆளும் வேண்டும். கனடா, அமெரிக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு ஒத்துவரும் நேரம் நமக்கு விடிகாலை, பிள்ளையைக் கிளப்பும் நேரம். வெளிநாட்டு மாணவிக்கு ஸ்டாண்டு அனுப்பும் செலவு பொருளின் விலையையே தாண்டிவிடலாம். அதனால் ஊருக்கு வந்து போகும் உறவினர் கையில் ஊசியையும் பீட்ஸையும் கொடுத்துவிட்டு, ரவுண்ட் ஃப்ரேமை அங்கேயே வாங்கச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

கட்டணம் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டை நம்பி வகுப்பு லிங்க் அனுப்பாதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் செய்ய இன்று குழந்தைக்கும் தெரியும். வங்கிக் கணக்கில் பணம் விழுந்ததைப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

ரெக்கார்டட் வீடியோ கோர்ஸ் மீதுதான் எல்லோருக்கும் ஆசை. ஒரு தடவை எடுத்து வைத்துவிட்டால் தூங்கும்போதும் பணம் வரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நானும் எடுத்தேன். இருபத்திரண்டு வீடியோ, ஒரு கோடை விடுமுறை முழுக்க. பணம் கட்டியவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்தேன். மூன்றாவது மாதம் ஒரு தோழி, "உன் கோர்ஸ் டெலிகிராம்ல சும்மா ஓடுதே" என்று அனுப்பினாள். பணம் கட்டிய யாரோ ஒருவர் ஸ்க்ரீனைப் பதிவு செய்து போட்டிருக்கிறார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

ஆனால் திருட்டை விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு. பணம் கட்டி வாங்கியவர்களில் வெகு சிலரே முடித்த வேலையின் போட்டோவை எனக்கு அனுப்பினார்கள். கேட்டபோது, "மூணாவது வீடியோவுல செயின் விழல அக்கா, அப்படியே விட்டுட்டேன்" என்றார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் ஒரே நிமிஷத்தில் தீர்ந்திருக்கும் சிக்கல். வீடியோவுக்குக் கீழே குனிந்து அவள் இடது கையைப் பார்க்கத் தெரியாது. எந்த இடத்தில் யாருக்கு நூல் சிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து, அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி, "இப்ப உங்க விரலைப் பாருங்க" என்று சொல்லத் தெரிந்தவர் எடுத்தால்தான் ரெக்கார்டட் கோர்ஸ் உதவும். அது தெரிய நூறு பேருக்காவது நேரில் சொல்லித் தந்திருக்க வேண்டும். நான் எடுத்தபோது எனக்கு அந்தப் பக்குவம் இல்லை.

யூடியூபில் ஆரி வகுப்பு தமிழிலேயே கொட்டிக் கிடக்கிறது, இலவசமாக. அங்கே விளம்பரப் பணத்துக்கு ஆயிரம் சப்ஸ்கிரைபரும், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும். அதைத் தொட்ட பிறகும் ஆரி மாதிரி சிறிய துறையில் வருவது கைச்செலவுக்குத்தான் ஆகும். சேனல் வைத்திருங்கள், அதைக் கடை வாசலில் தொங்கவிடும் சாம்பிள் பிளவுஸாக நினையுங்கள். வாரம் ஒரு வீடியோ, ஒரே ஒரு தப்பு, அதைத் திருத்தும் விதம். அதைப் பார்த்து நேரலை வகுப்புக்கு வருகிறவர்கள் சரியான ஆட்களாக இருப்பார்கள்.

கிட் விற்பனையைத் தனித் தொழிலாக நான் எண்ணுவதில்லை, வகுப்போடு ஒட்டிக்கொண்டு வருவது அது. மாணவி எப்படியும் ஊசி, நூல், பீட்ஸ் வாங்கியாக வேண்டும். சென்னை சௌகார்பேட்டையில் மொத்தமாக எடுத்து, பத்துக் கிட்டாகப் பிரித்து விற்றால் கொஞ்சம் நிற்கும். நிறத்தில்தான் பணம் முடங்கும். போன வருஷம் எல்லோரும் கேட்ட பேஸ்டல் நிற பீட்ஸ் இன்னும் என் டப்பாவில் இருக்கிறது. தங்கம், வெள்ளி, சிவப்பு, பச்சை, இந்த நாலுக்கு மேல் கையிருப்பு வைக்காதீர்கள்.

வரி விஷயத்தில் பலர் குழம்புவது இங்கேதான். ஜிஎஸ்டிக்கு, நம் மாநிலத்தில் பொருள் மட்டும் விற்பவர்களுக்கு வருஷ விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். வகுப்புக் கட்டணமும் வாங்கினால் அது சேவை, எல்லை 20 லட்சமாகக் குறைந்துவிடும். இரண்டுக்கும் எட்டாத தூரத்தில்தான் நாம் தொடங்குகிறோம். ஆனால் வேறு மாநிலத்துக்குக் கிட் விற்பதென்றால் தொகை சிறியதாக இருந்தாலும் பதிவுக் கேள்வி வரும், அதற்கு முன் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதைச் செய்து தர ஆயிரம், இரண்டாயிரம் கேட்பவர்களிடம் கொடுக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் தரும் கைவினைஞர் அடையாள அட்டைக்கும் எம்ப்ராய்டரி செய்கிறவர்கள் விண்ணப்பிக்கலாம். கண்காட்சிகளில் ஸ்டால் கேட்கும்போது அது உதவும்.

கடன் வாங்கலாமா என்றும் கேட்டாள். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிசு என்ற தொடக்கப் பிரிவில் 50,000 வரை கிடைக்கும். தமிழக அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும், அதில் நாலில் ஒரு பங்கு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. அதிலுள்ள 25 வகைத் தொழில்களில் தையலும் துணிகளில் செய்யும் கலை வேலையும் அடங்கும். ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும், அவளுக்கு முப்பத்தொன்று. எப்படியும் இப்போது கடன் வேண்டாம் என்றேன். நாலு ஸ்டாண்டு, ஊசிகள், ஒரு மாதத்துக்கான நூல், பீட்ஸ், நல்ல எல்இடி விளக்கு இரண்டு, இவ்வளவுக்கும் அவளுடைய சேமிப்பில் பாதி போதும். மீதியைத் தொடக் கூடாது. ஒரு பேட்ச் நிரம்பாமல் போகும் மாதத்துக்கு அது.

எல்லாம் பேசி முடித்து, நாள்காட்டியை விரித்துக் குறித்தோம். ஆனியில் இரண்டே பிளவுஸ், இரண்டும் தெரிந்தவர்களுக்கு, நன்றாக போட்டோ எடுத்து வைக்க. ஆடி பிறந்ததும் முதல் பேட்ச், நாலு பேர், காலை பத்தரை முதல் பன்னிரண்டரை. ஆர்டர் இல்லாத மாதம்தான் வகுப்புக்கான மாதம். ஆடியில் கற்றவள் ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் ஆர்டரை எடுத்துவிடலாம், அதைச் சொல்லித்தான் ஆட்களைச் சேர்க்க வேண்டும். ஆவணியில் அவளுக்கும் ஆர்டர். புரட்டாசியில் இரண்டாவது பேட்ச், மார்கழியில் மூன்றாவது. கோடை விடுமுறையில் கல்லூரிப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள், ஆனால் மகன் வீட்டில் இருப்பான், முகூர்த்த வேலையும் நெருக்கும், அதனால் முதல் வருஷம் அந்த ஆசையை விட்டுவிடச் சொன்னேன். துபாய், சிங்கப்பூர் மாணவிகள் தையில், மூன்று பேட்ச் கையைப் பார்த்த பிறகு. ரெக்கார்டட் பற்றி இரண்டு வருஷத்துக்குப் பேச்சே இல்லை.

மூன்று நாளைக்கு முன் போன் செய்தாள். நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள், அதில் ஒருவர் கீழ் வீட்டு உரிமையாளரின் மருமகள். "அக்கா, ரூம்ல ஸ்டாண்டை எந்தப் பக்கம் பார்த்துப் போடட்டும்?" என்று கேட்டாள். ஜன்னல் இடது கைப் பக்கம் வரட்டும், ஊசி பிடிக்கும் கையின் நிழல் துணியில் விழக் கூடாது என்றேன். "ஒருத்தி இடக்கை அக்கா" என்றாள். அவள் ஸ்டாண்டை மட்டும் உனக்கு எதிரே திருப்பிப் போடு என்றேன்.